பிஞ்சிலே பேசும் விலை



மரக்காணம் உப்பளக் கரையை அடுத்த கிளியனூரில் வாழும் எமக்கு மலைத்தோட்டம் கண்ணுக்கெட்டாத் தொலைவு. ஆயினும் உப்பு வாருவோருக்கும் மலையில் கனி கொய்வோருக்கும் ஒரு கவலை பொதுவானது. விளைவிப்பவர் ஒருவர், விலை சொல்பவர் மற்றொருவர்.

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையை எடுத்துக்கொள்வோம். நிழல்மரத்தில் மிளகுக்கொடி, அதன் கீழே காப்பிச் செடி, இடையிடையே வாழை, எலுமிச்சை, பலா என ஒரே தோட்டத்தில் பல பயிர்கள் அங்கே விளைகின்றன. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். வண்டி செல்லவியலாத இடங்களிலிருந்து குதிரைகள் பொதி சுமந்து வருகின்றன. சிறுமலை வாழைக்கும், கீழ்ப்பழநி மலையின் விருப்பாட்சி வாழைக்கும் 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறு தோட்டமும் நல்ல வணிகமாகும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், இப்பெருமைக்குரிய வாழையை முடிக்கொத்து நோய் முன்னர் பெருமளவில் அழித்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் இந்நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகற்றிவிட்டு, நோயற்ற கன்றை நடுவதே வழி. அதற்குப் பணம் வேண்டும். கையிருப்பில்லாத சிறு விவசாயி எந்த ஊரிலும் வியாபாரியின் முன்பணத்தையே நாடுவார். அப்போது தோட்டம் பூவிலும் பிஞ்சிலுமே விலைபேசப்படுகிறது. பிறகு விலை ஏறினால் விவசாயிக்கு நட்டம். காற்றோ நோயோ தாக்கினால் வியாபாரிக்கு நட்டம்.

இங்கேதான் ஷரீஅத்தின் அருமை புலப்படுகிறது. கனி முற்றிப் பக்குவம் வெளிப்படும் முன் அதை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே அத்தடை பொருந்தும். அல்லாஹ் விளைச்சலைத் தடுத்துவிட்டால், சகோதரனின் பொருளை எந்த நியாயத்தில் எடுத்துக்கொள்வது என்பதே அதன் கருத்து. அதே வேளையில் முன்பணமே கூடாது என்றும் மார்க்கம் சொல்லவில்லை. முழு விலையையும் முன்னரே தந்து, அளவு, எடை, தவணை ஆகியவற்றைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளும் ‘ஸலம்’ ஒப்பந்தம் ஆகுமானதே. குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் விளைச்சலோடு மட்டும் அதைப் பிணைக்கலாகாது.

பழமண்டி நடத்தும் நம் சகோதரர்களே! பிஞ்சின் மீது பந்தயம் கட்டாமல், எடைக்கு விலை பேசுங்கள். மலைவாழ் விவசாயிகளுக்கும் வழியுண்டு. கம்பெனிச் சட்டப்படி, விளைவிப்போர் பத்துப் பேர் கூடினால் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். வாழை காத்திருக்காது, உலர்ந்த மிளகு காத்திருக்கும். மிளகை உலர்த்தி இருப்பு வைத்து, நல்ல விலைக்கு விற்பவர் முன்பணத்திற்குக் கையேந்த வேண்டியதில்லை.

மரம் நட்டவருக்கு, அதிலிருந்து பறவை உண்பதும் தர்மமாகும் என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. பறவைக்கும் பங்குள்ள தோட்டத்தில், நட்டவருக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டாமா? விளைவிப்போர், விற்போர் இருசாராரின் சம்பாத்தியத்திலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.