கண்ணில் படாத இணைகள்

ஒரு குவளை நீரில் எண்ணிலடங்கா மூலக்கூறுகள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. இம்மூன்றும் நேர்க்கோட்டில் நிற்பதில்லை, வளைந்து நிற்கின்றன. இந்த வளைவுக்கு என்ன காரணம்?

அணுக்களைப் பிணைப்பவை இணை இணையாக அமையும் எலெக்ட்ரான்களே. எலெக்ட்ரான்கள் அனைத்தும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால், இணைகள் ஒன்றையொன்று விலக்கி, இயன்ற அளவு தள்ளி நிற்கின்றன. ஊதிய நான்கு பலூன்களின் வாய்ப்பகுதியை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், அவை நான்கு திசைகளில் விலகி நிற்பதைக் காணலாம். மீத்தேனில் கார்பனைச் சுற்றியுள்ள நான்கு இணைகளும் இவ்வாறே அமைகின்றன. அங்குப் பிணைப்புக் கோணம் 109.5 பாகை.

அம்மோனியாவில் நைட்ரஜனைச் சுற்றியும் நான்கு இணைகள் உள்ளன. ஆனால், மூன்று இணைகள் மட்டுமே ஹைட்ரஜன் அணுக்களைப் பிணைக்கின்றன. எஞ்சிய ஓர் இணை எந்தப் பிணைப்பிலும் சேராமல் நைட்ரஜனிடமே தங்கிவிடுகிறது. இதுவே தனி இணை. இரண்டு அணுக்களால் இழுக்கப்படும் இணை ஒடுங்கி நிற்கும். ஓர் அணுவை மட்டும் சார்ந்த தனி இணையோ பரந்து விரிந்து அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது மற்ற இணைகளை நெருக்குவதால், கோணம் ஏறத்தாழ 107 பாகையாகக் குறைகிறது. நீரில் உள்ள ஆக்சிஜனிடம் இரண்டு தனி இணைகள் உள்ளன. நெருக்கம் மேலும் கூடுவதால் கோணம் 104.5 பாகையாகிறது.

எலெக்ட்ரான் இணைகளின் எண்ணிக்கைக்கும் மூலக்கூறின் வடிவத்துக்கும் உள்ள தொடர்பை 1940-இல் சிட்ஜ்விக், பாவெல் ஆகியோர் எடுத்துரைத்தனர். 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதனை ஒரு கோட்பாடாக விரிவுபடுத்தினர்.

இந்தச் சிறு வளைவின் பயன் பெரிது. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின் தன்மையும் உண்டு. எனவே, அண்டை மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கரியமில வாயுவில் நடுவிலுள்ள கார்பனிடம் தனி இணை இல்லை. அதன் மூன்று அணுக்களும் நேர்க்கோட்டில் நிற்பதால், இருபுற மின் தன்மையும் சமன்பட்டுவிடுகிறது. அதன் மூலக்கூறு நீரின் மூலக்கூறைவிட இரு மடங்குக்கும் மேல் நிறை கொண்டது. இருந்தும், அறை வெப்பநிலையில் அது வாயுவாகவே இருக்கிறது. நீரோ நீர்மமாக நிலைக்கிறது. அதனால்தான் ஆறுகள் ஓடுகின்றன. உப்பு நீரில் கரைகிறது. உடலில் குருதி பாய்கிறது.

பிணைப்பில் சேராத இரண்டு இணைகள் இல்லையேல், இவ்வுலகில் உயிர்கள் வாழ வழியேது?