தலையில் அடிபட்ட நாயைக் காப்பாற்ற முடியும்

திருவல்லிக்கேணி பெரிய தெருவிலோ பாரதி சாலையிலோ இரவில் பைக் மோதி ஒரு நாய் மூச்சுப்பேச்சின்றிக் கிடந்தால், யாராவது ஓடிவந்து அதன் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் நினைவில்லாத நாய்க்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சற்று நேரத்தில் ‘போயிடுச்சுப்பா’ என்று கூட்டம் கலையும். பல சமயம் உயிர் போயிருக்காது.

மூளைக்கு இரண்டு முறை அடி விழுகிறது. மோதும் கணத்தில் நேர்வது முதல் காயம். அதை மாற்ற முடியாது. அடுத்த சில மணி நேரத்தில் இரத்தக் கசிவு, வீக்கம், ஆக்சிஜன் பற்றாக்குறை ஆகியவற்றால் நேர்வது இரண்டாவது காயம். மண்டை ஓடு விரியாது. உள்ளே வீங்கும் மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூளைத்தண்டை நசுக்கினால் மூச்சு நின்றுவிடும். சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது காயத்தைத் தடுக்கத்தான்.

மனிதர்களுக்கான கிளாஸ்கோ கோமா அளவுகோல் 1974-இல் வந்தது. நாய் பேசாது என்பதால், கால்நடை மருத்துவர்கள் அதை மாற்றி அமைத்துக்கொண்டார்கள். உடல் அசைவு, மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்கள், விழிப்புநிலை ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 6 வரை மதிப்பெண்; மொத்தம் 3 முதல் 18. டார்ச் ஒளியில் கண்மணி சுருங்குகிறதா என்பது இதில் முக்கியமான சோதனை. 38 நாய்களை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில், 8 மதிப்பெண் பெற்ற நாய் முதல் 48 மணி நேரத்தைக் கடக்க ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பது தெரிந்தது.

முதலில் ஆக்சிஜன், கூடவே இரத்த அழுத்தத்தைத் தாங்க டிரிப்ஸ். மூளைக்குள் அழுத்தம் ஏறினால் மேனிட்டால்: கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை, 15–20 நிமிடங்களில் மெதுவாக ஏற்றுவார்கள். 20 கிலோ நாய்க்கு, 20 சதவீதக் கரைசலில் 100 மில்லி பாட்டில் ஒன்றே அதிகபட்சம். திசுக்களில் தேங்கிய நீரை அது இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். முன்பு தாராளமாகப் போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசி இப்போது கூடாது. தலையில் அடிபட்ட 10,008 மனிதர்களிடம் நடந்த ‘கிராஷ்’ ஆய்வு, அது மரணத்தைக் கூட்டுவதை 2004-இல் காட்டியது.

1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில்தான் இருக்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். வலியில் எந்த நாயும் கடிக்கும் என்பதால் துண்டைப் போர்த்தித் தொடுங்கள். பலகையிலோ கெட்டியான அட்டையிலோ படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். தலைப் பக்கம் சற்று உயரும்படி பலகையையே சாய்த்துப் பிடியுங்கள்; தலைக்கு மட்டும் துணி வைத்தால் கழுத்து மடங்கி, மூளையிலிருந்து இரத்தம் திரும்புவது தடைபடும். வீட்டிலுள்ள வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

நடப்பதற்கு நாய் நம்மைப் போல மூளையின் மேற்புறணியை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. முதல் நாள் எழ முடியாமல் கிடந்த நாய்கூடச் சில வாரங்களில் நடமாடக்கூடும். அதனால் ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்துக் கைவிடக் கூடாது. மணிக்கு மணி அது ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தெருவில் நிற்கும் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டால் போதும்.