பத்து கஜம், நான்கு முறை

ஒன்பது கஜம் புடவையை நீளவாக்கில் விரித்து, இன்னும் ஒரு கஜம் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தின் உயிர் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. சேலை நெய்யும் வெங்கடகிரிக்குப் பக்கத்து ஊரான நாயுடுபேட்டைக்காரர்களுக்குக் கஜக்கணக்கு புதிதல்ல.

பெயரில்தான் கால்பந்து, இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தித்தான் பெரும்பாலும் ஓடுகிறார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானம் 100 கஜம். அதன் இரு முனையிலும் 10 கஜத்தில் ஒரு கோல் பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. முடியாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு ஓடுபவரை மடக்கித் தரையில் சாய்த்ததும் அந்த வாய்ப்பு முடிந்தது.

இந்த நான்கு வாய்ப்பு விதி எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் ஆட்டம் பிடிபடும். 1880இல், ஆட்ட விதிகளை வகுத்த வால்டர் கேம்ப் முயற்சியால், பந்து வைத்திருக்கும் அணி அதைத் தன்னிடமே வைத்து ஆட்டத்தைத் தொடரலாம் என்று ஆனது. மறு ஆண்டு பிரின்ஸ்டன், யேல் கல்லூரி அணிகள் மோதியபோது ஆளுக்கொரு பாதி நேரம் பந்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு புள்ளிகூட விழவில்லை. அதற்கு மருந்தாகத்தான் 1882இல் மூன்று வாய்ப்பில் 5 கஜம் என்ற விதி. 1912இல் அது நான்கில் 10 ஆயிற்று. நேரம் கடத்தும் இதே நோய் நம் சடுகுடுவுக்கும் உண்டு. புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ரெய்டர் அவுட். இதை அறிந்தவருக்கு அமெரிக்க ஆட்டம் பாதி புரிந்த மாதிரி.

ஒரு வாய்ப்பில் ஒரே ஒரு முறை, வாய்ப்பு தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் நின்றபடி, பந்தை முன்னோக்கி வீசலாம். 1906இல் வந்த அனுமதி இது. பிடிபடாமல் விழுந்தால் வாய்ப்பு வீண். பந்து பழைய இடத்துக்கே திரும்பும். எதிராளி பிடித்தால் பந்து அவர்களுடையது. கோல் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3.

2012இல் இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு லீக் தொடங்கியது. சென்னை ஸ்வார்ம், ஐதராபாத் ஸ்கைகிங்ஸ், கொழும்பு லயன்ஸ் போன்றவை அதன் அணிகளாக இருந்தன. நம் பையன்களின் உடம்புக்கு ஒத்துவரும் ஆட்டம் என்றே நான் நம்புகிறேன்.

முதல் தடவை பார்ப்பதானால் மோதலை விட்டுவிட்டு நான்காவது வாய்ப்பைக் கவனியுங்கள். இரண்டு கஜம் பாக்கி என்று வையுங்கள். தூர உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளுவதா, மூன்று புள்ளிக்குக் குறி வைப்பதா, துணிந்து ஓடிப் பார்ப்பதா? அரங்கமே எழுந்து நிற்பது அப்போதுதான்.