நிற்க வைக்கும் மின்துடிப்பு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், அயர்னிங் எல்லாம் நின்றபடி செய்கிற வேலை. உட்கார்ந்து தைக்கிற டெய்லருக்கும் பெடலை அமுக்கக் கால் வேண்டும். மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டால், இங்கே பிழைப்பும் அதோடு போய்விடுகிறது.

ஆனால் இப்படி அடிபட்டவர்களில் பலருக்குக் கால் தசை உயிரோடுதான் இருக்கிறது. மூளையின் கட்டளைதான் வந்து சேர்வதில்லை. தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பு கெடாமலிருந்தால், வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்தாலும் தசை சுருங்கும். அந்த நரம்பே சிதைந்தவர்களுக்கு இந்த வழி உதவாது.

அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் 8 மின்முனைகள் கொண்ட கருவியை உடலுக்குள் பொருத்தினார்கள். முழங்காலை நீட்டும் தசை, பிட்டத் தசை, பின்தொடைத் தசை, முதுகை நிமிர்த்தும் தசை என்று பக்கத்துக்கு நான்கு. பொத்தானை அமுக்கினால், வாக்கரைப் பிடித்தபடி எழுந்துவிடலாம்.

எழுவதைவிட, நின்றுகொண்டே இருப்பதுதான் கடினம். இயல்பாக நிற்கையில் தசை இழைகள் மில் ஷிப்ட் போல முறை மாற்றிக்கொள்கின்றன. மின்துடிப்போ அதே இழைகளைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறது. சீக்கிரம் களைத்துப்போகும் பெரிய இழைகளையும் விடுவதில்லை. சற்று நேரத்தில் முழங்கால் மடங்கத் தொடங்கும்.

லூயிவில் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹார்க்கெமா குழுவினர் தசையை விட்டுவிட்டுத் தண்டுவடத்துக்கே போனார்கள். கார் மோதிக் கால்கள் செயலிழந்த ஓர் இளைஞருக்கு 170 முறை பயிற்சி கொடுத்தும் பலனில்லை. 2009-ல் அவருடைய தண்டுவட உறைமேல் 16 மின்முனைகளைப் பொருத்தினார்கள். துடிப்பு ஓடியபோது தன் எடையைத் தானே தாங்கி 4 நிமிடத்துக்கு மேல் நின்றார். சமநிலைக்கு மட்டும் பிடிமானம் தேவைப்பட்டது. 2011-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்புச் சுற்றுகள் கால் தரும் பாரச் செய்தியைப் படித்து வேலை செய்யும் என்பது தெரியவந்தது. எனக்கு இதில் பெரிய செய்தி அதுதான்.

நிமிர்ந்து நிற்பதற்கு மட்டும் என்றால், இந்த அறுவைக்காக நம் ஊர்க்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடி உருவாக்கி 2019-ல் வெளியிட்ட 'அரைஸ்' சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் தானே இயக்கி நிமிர்ந்து நிற்கலாம். வெளியானபோது விலை சுமார் 15,000 ரூபாய். நிற்பதால் பிட்டத்தில் அழுத்தம் குறையும், ரத்த ஓட்டம் சீராகும். ஆனால் மாதக்கணக்கில் படுத்திருந்தவருக்கு எலும்பு மெலிந்திருக்கும், எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியும். மருத்துவரைப் பார்த்த பிறகே முதல் முறை நிற்க வேண்டும்.