மகளின் கணக்கும் கிரேக்க எழுத்தும்

போன மாரிகாலத்தில் என் மூத்த மகளுக்கு விஞ்ஞானச் சோதனையில் 4 புள்ளிகள் போயின. பிழை அவளுடையது அல்ல, என்னுடையது. தண்ணீருக்குள் அமுக்கம் என்பது அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல், ஆழம் மூன்றையும் பெருக்கி வருவது. புத்தகத்தில் அமுக்கத்துக்கும் அடர்த்திக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து. இரண்டும் 'பென்' என்ற சொல்லின் முதலெழுத்துத்தான் என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். அடர்த்திக்கு உரியது கிரேக்க 'றோ' என்பது எனக்குத் தெரியாது. அமுக்கத்தின் எழுத்து நேராக நிற்கும். றோ, அடியிலிருந்து ஒரே இழுவையில் மேலே போய் வளையும். பெற்றோர்களே, கவனியுங்கள்.

வேலைத்தளத்தில் என்னோடு பொதி கட்டும் கிரேக்கப் பெரியவர் ஒருவரிடம் இடைவேளையில் இதைக் கேட்டேன். மனுசன் சிரித்துவிட்டு, காட்போட் பெட்டியொன்றைக் கிழித்து 24 எழுத்தையும் எழுதித் தந்தார்.

அல்பா, காப்பா போன்றவை தொல்லையில்லை, ஆங்கிலத்தில் உள்ளவைதான். ஆங்கில உடுப்புப் போட்டுக்கொண்டு வேறு ஒலி தருகிறவைதான் ஆளை ஏமாற்றும். 'பென்' எழுத்து அங்கே 'ர'. அதற்கு ஒரு கால் முளைத்ததே ஆங்கில 'ஆர்'. 'ஹவுஸ்' என்பதன் முதலெழுத்து அங்கே 'இ'. 'வான்' என்பதன் முதலெழுத்துப் போலிருக்கும் சின்ன எழுத்து 'ந'. 'பஸ்' என்பதன் முதலெழுத்து 'வ'. அதனால் நாங்கள் பீற்றா என்பதை அவர் 'வீற்றா' என்கிறார். நாங்கள் சொல்லும் 'பை' அவருக்குப் 'பி'. (பிள்ளைகள் வகுப்பில் பீற்றா, பை என்றே சொல்லட்டும். ஆசிரியருக்கு அதுதான் விளங்கும்.)

அப்படியானால் 'பஸ்' என்பதை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். 'ம'வையும் 'ப'வையும் சேர்த்து எழுதுவார்களாம்! யோசித்துப் பாருங்கள். நாங்கள் 'பாம்பு' என்று எழுதும்போது 'ம்' முன்னுக்கு நிற்பதால் 'பு' மெதுவாகிறதல்லவா? ஏறக்குறைய அதே சங்கதிதான். 'டோர்' என்பதற்கு 'ந'வும் 'ற்ற'வும். நமக்கு 'வண்டி' மாதிரி.

ஒமிக்ரோன் என்றால் சின்ன ஒ, ஒமேகா என்றால் பெரிய ஓ. பழைய காலத்தில் நம்முடைய ஒ, ஓ போலக் குறிலும் நெடிலுமாக இருந்தவை. இன்று இரண்டுக்கும் ஒரே ஒலி. அதனால் அவர்களுடைய பிள்ளைகளும் எழுத்துப்பிழை விட்டு அடி வாங்கியவர்கள்தானாம்.

எனக்கு மிகவும் உதவியது வேறொன்று. 'திங்க்', 'திஸ்' இரண்டையும் நான் ஒரே 'தி' போட்டுத்தான் சொல்லி வந்தேன். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துச் சோடிதான். கிரேக்கத்திலோ முதலாவதற்குத் தீற்றா, இரண்டாவதற்கு டெல்ரா என்று தனித்தனி எழுத்து. நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்கச் சொல்லிப் பெரியவர் பழக்கினார். மெசின் சத்தத்துக்குள் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்பது நிம்மதி.

ரொறன்ரோவில் டன்போர்த் வீதிப் பக்கம், கிரேக்கர்களின் கடைகள் இருக்கும் பகுதியில், வீதிப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு கிரேக்கமும் உண்டு. போன சனிக்கிழமை காட்போட் துண்டோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் துண்டைப் பாராமலே வாசித்தாள். நான் இரண்டு இடத்தில் 'ர'வைப் 'ப' என்று வாசித்து மாட்டுப்பட்டேன்.