மூன்று சென்ரிமீற்றருக்குள் இருக்கையில்

மது வாடையே படாத ஒருவருக்கு ஈரல் பழுதென்றால், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் நோயைவிட ஊர்ப்பேச்சுத்தான் முதலில் பயமுறுத்தும். குடிக்காத மனுசனுக்கு இது எப்படி வந்தது?

பதிலை ராகமயில் தேடலாம். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் அங்கே 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேனில் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32.6 சதவீதமானோருக்கு மதுவோடு சம்பந்தமில்லாத ஈரல் கொழுப்பு இருந்தது. சீனி வருத்தமும் தொப்பையும் இதன் கூட்டாளிகள். கொழுப்புப் படிந்த ஈரலெல்லாம் கெட்டுப்போவதில்லை. சிலருக்கு மட்டும் அது தழும்பேறிச் சுருங்குகிறது. புற்றுக்கட்டி பெரும்பாலும் முளைப்பது அப்படிச் சுருங்கிய ஈரலில்தான்.

அந்த ஈரலில் கட்டியோடு ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் மிச்சம் உடம்பைத் தாங்காமல் போகலாம். வெப்பச் சிகிச்சைக்கு மவுசு வந்தது இதனால்தான். வயிற்றைத் திறப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே தோல்வழியாக ஊசியைக் கட்டிக்குள் இறக்குகிறார்கள். ரேடியோ அலைவரிசை மின்சாரம் ஊசிமுனையைச் சுற்றிச் சூடேற்றும். 60 பாகை செல்சியசைத் தொட்டால் கலங்கள் உடனே மடியும். 100ஐத் தாண்டினால் திசு கருகி மின்சாரத்தை மறித்துவிடும், ஆகவே சூடு கூடினாலும் வில்லங்கம். 1990இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே இந்த ஊசி முறையைப் பரிசோதித்தன. பின்னால் வந்த மைக்ரோவேவ் ஊசிக்குக் கருகல் அவ்வளவு தடையில்லை. அதிலே பாயும் அலை பல கருவிகளில் 2.45 கிகாஹேர்ட்ஸ், சமையலறை அடுப்பில் உள்ள அதே அலை!

எல்லாக் கட்டிக்கும் இது சரிவராது. நல்ல பலன் 3 சென்ரிமீற்றருக்குள்தான். கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீற்றர் நல்ல திசுவையும் சேர்த்தே சுட வேண்டும். பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடினால், இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், விளிம்பில் புற்று உயிரோடு தப்பும்.

சின்னக் கட்டி வலிப்பதில்லை என்பதுதான் சங்கடம். ஆகவே ஈரல் சுருங்கியவர்கள் சுகமாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கொரு தடவை அல்ட்ராசவுண்ட் எடுக்கவேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஊசி போடத் தேர்ந்த கைகளைத் தேடித் தூரம் போகவேண்டியிருக்கலாம், இந்த ஸ்கேனுக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை.

சுட்டு ஒரு மாதமளவில் சீ.ரி. ஸ்கேன் எடுத்து, கட்டி முழுதாக மடிந்ததா என்று பார்ப்பார்கள். மடிந்திருந்தாலும் கிளினிக் முடியாது. சுருங்கிய ஈரலில் வேறோரிடத்தில் புதுக்கட்டி வருவது சகஜம். அதுவும் சிறிதாக இருக்கையில் அகப்பட்டால், மறுபடி ஊசி போடலாம்.