கணுக்கால் அடிக்கடி மடங்குதா? வெறும் சுளுக்குன்னு விட்டுடாதீங்க!

வெள்ளியங்கிரி மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் காலுக்குச் சோதனை. உருளும் கல்லில் பாதம் உள்பக்கமாகத் திரும்பினால், பூண்டி அடிவாரம் வருவதற்குள் வெளிக்கணு வீங்கிவிடும். “சுளுக்குத்தான் கண்ணு, எண்ணெய் போட்டு நீவுனாச் சரியாப் போயிரும்” என்பார் வீட்டில் அமுச்சி.

பலருக்குச் சரியாகவும் போய்விடுகிறது. (வீக்கம் இருக்கும் முதல் சில நாள்களில் அழுத்தி நீவக் கூடாது. நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே அவசியம்.) சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் தொல்லை தொடரும். கபடியில் மடங்கிய கால், பிறகு வள்ளி கும்மியில் திரும்பும்போது மடங்கும். கடைசியில் வாசல்படி இறங்கும்போதும் மடங்கும். பயந்துபோய் ஆட்டத்தையும் மலையையும் அவர்களே விட்டுவிடுகிறார்கள்.

காரணம் லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் இது. வெளிக்கணுவில் மூன்று உண்டு. பெரும்பாலும் முதலில் கிழிவது முன்பக்கத்து நார். அது நீண்டு, தளர்ந்து ஆறிவிட்டால் கணுக்காலில் பிடிப்பு இருக்காது. இதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டுக் குருத்தெலும்பும் தேயக்கூடும்.

உடனே கத்தி வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது, கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசையை வலுவாக்குவது என்று சில மாதங்கள் பிசியோதெரபி செய்தாலே பலர் தேறிவிடுகிறார்கள். வலி போனதும் பயிற்சியை நிறுத்துவதுதான் நம்மவர்கள் செய்யும் தப்பு!

அதற்கும் அடங்காத காலுக்குத்தான் ஆபரேஷன். ஸ்வீடன் மருத்துவர் லெனார்ட் ப்ராஸ்ட்ரம் 1966-ல் விவரித்த முறை இன்றும் முதல் தேர்வு. தளர்ந்த நாரை இழுத்து, எலும்போடு சேர்த்துத் தைப்பார்கள். பக்கத்துத் திசுவையும் சேர்த்துத் தைத்து வலுவூட்டும் மாற்றத்தை 1980-ல் கூல்ட் கொண்டுவந்தார். நார் மிகவும் நைந்திருந்தால், தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் புது நாராகப் பொருத்துவார்கள். எலும்பு, மூட்டு சிகிச்சைக்குப் பேர்போன கங்கா மருத்துவமனை 1978 முதல் கோவையிலேயே இருப்பதால், கொங்குப் பகுதிக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

தைத்த பிறகு சில வாரங்கள் கட்டு அல்லது பூட்ஸ், அப்புறம் மறுபடியும் பிசியோதெரபி. விளையாட்டுக்குத் திரும்ப மூன்று, நான்கு மாதங்களாவது ஆகும். முதலில் சமதள நடை, பிறகு படிக்கட்டு, அதன் பிறகு ஓட்டம். கல்லும் மேடுமான மலைப்பாதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு.